யாரிடம் சொல்வது? வடசென்னையும் அரசியல் படித்த பெண்களின் ஆய்வுகளும்

1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வினாப்பட்டியலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊரில் யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிவர வேண்டும். இங்கிலாந்தில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு வந்தவர் ஸ்லேட்டர். புத்தகத்தில் இல்லாத இந்தியாவை மாணவர்களைக் கொண்டே எழுதவைக்கலாம் என்பது அவர் கணக்கு. எழுதிவந்ததைத் திருத்தி, கோத்து, 1918இல் ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக அச்சிட்டார்.

அந்த நூலுக்குப் பிறகு நடந்ததுதான் சுவையானது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் என்று அதில் இடம்பெற்ற ஊர்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1930களின் பிற்பகுதியில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். இந்த நூற்றாண்டிலும் போயிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் எடுத்த குறிப்புகள் ஏறத்தாழ நூறாண்டுக்கால ஆராய்ச்சிக்கு அடிக்கல்லாயின. காரணம் எளிது: அவை அச்சேறின. பேராசிரியரின் மேசை இழுப்பறையிலேயே கிடந்திருந்தால் இருவேல்பட்டுக்கு இரண்டாம் முறை யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அப்போது அரசியல் தனித் துறையாக நம் கல்லூரிகளில் பிரிந்திருக்கவில்லை. வரலாறும் பொருளாதாரமும் படித்தவர்களே அதையும் சேர்த்துப் படித்தார்கள். எனவே இன்று எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு பெண்ணின் மூதாதையராக அந்த மாணவர்களைக் கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த வேலைக்குள் ஒளிந்திருந்த நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். ஊருக்குள் எந்தத் தெருவுக்கும் போகலாம், யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், பதில் சொல்ல மறுக்க மாட்டார்கள் என்ற நிலையில் இருப்பவருக்கே அந்த வினாப்பட்டியல் உதவும். இராணி மேரிக் கல்லூரி தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதியிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து விடுதிக்கும் துணையோடு போய்வந்த அக்காலத்து மாணவி, சேரித் தெருவில் நின்று கூலிக் கணக்குக் கேட்டிருக்க முடியுமா? சேரியில் பிறந்த பெண்ணோ கல்லூரி வாசலையே பார்த்திருக்க மாட்டாள்.

ஆய்வைப் பகிர்வது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மேடையைப் பற்றியே பேசுகிறோம்: எந்தக் கருத்தரங்கு, எந்த இதழ், என்ன கட்டணம், சான்றிதழ் உண்டா. கேட்பவர் யார் என்று கேட்பதில்லை. வடசென்னையை, அதாவது இராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையை, இந்தக் கேள்வியோடு பார்த்தால் ஒரு வினோதம் தெரிகிறது. தமிழ்நாட்டில் அரசியல் இவ்வளவு பேசப்பட்ட, இவ்வளவு ஆராயப்பட்ட நிலப்பகுதிகள் குறைவு. அந்த ஆராய்ச்சி அந்த ஊர்ப் பெண்கள் காதில் விழுந்த சந்தர்ப்பங்களோ அதைவிடக் குறைவு.

பேச்சுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அழைத்துவர, பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். திரு.வி.க. தமிழில் முழங்கினார். வாடியாவின் உரைகள் 1921இல் நூலாகவும் வந்தன. 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்தபடி கூடிய கூட்டத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுவாழ்வு தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளில் தெருமுனைக் கூட்டமும் படிப்பகமும் முடிதிருத்தும் கடை பெஞ்சும்தான் இந்தப் பகுதியின் அரசியல் அறிவியல் துறைகள் என்று சொன்னால் மிகையில்லை. பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது, பிறகு வாதாடுவது: பல்கலைக்கழகக் கருத்தரங்கில் நடப்பதைவிட இது நல்ல முறை என்றே எனக்குத் தோன்றும். பேசுபவரைப் பாதியில் மடக்கிக் கேள்வி கேட்கலாம். தேநீருக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் படிப்பகத்து பெஞ்சில் பெண்கள் உட்காரவில்லை. முடிதிருத்தும் கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொதுக்கூட்டத்துக்குப் பெண்கள் வந்தார்கள், தனியாகக் கயிறு கட்டிய பகுதியில் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டார்கள். சிலர் மேடையும் ஏறினார்கள். ஆனாலும் கூட்டம் முடிந்த பின் இரவு பதினொரு மணிக்குத் தேநீர்க் கடையில் நடக்கும் இரண்டாவது கூட்டம் உண்டே, உண்மையான விவாதம் நடப்பது அங்கேதான். அதில் அவர்கள் இல்லை. தமிழ் அரசியல் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட மிகச் சிறந்த அறிவுப் பகிர்வு இடம் ஆண்களின் மாலை நேரத்தை வைத்துக் கட்டப்பட்டது. பெண்ணுக்கு மாலை நேரம் என்பது தண்ணீர் லாரி வரும் நேரம்.

அந்த அரசியலை ஆராய ஒரு பெண் வந்தார், வெகு தொலைவிலிருந்து. மார்கரீட் ராஸ் பார்னெட், அமெரிக்கக் கறுப்பினப் பெண், சிகாகோ பல்கலைக்கழகத்தின் அரசியல் ஆய்வு மாணவி. கழகம் ஆட்சியைப் பிடித்த 1967ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கிக் கள ஆய்வு செய்தார். 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். 1976இல் அவர் நூல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தென்னிந்தியாவில் பண்பாட்டுத் தேசியத்தின் அரசியல் என்பது தலைப்பின் பொருள். திராவிட இயக்கத்தை ஆங்கிலத்தில் படிக்க விரும்பும் எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. அவர் பின்னர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1992இல், ஐம்பது வயதை எட்டும்முன், மறைந்தார். நிறவெறியின் நாட்டிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண் சாதியின் நாட்டில் என்ன கண்டார், யார் வீட்டுத் திண்ணையில் அவரை உட்காரவைத்தார்கள் என்பதையெல்லாம் தனியே ஒரு கட்டுரையாக எழுத வேண்டும். இங்கே வேண்டியது ஒன்றுதான். ராபின்சன் பூங்காவில் மழையில் நின்றவர்களைப் பற்றிய ஆய்வை முதலில் கேட்டவர்கள் சிகாகோவில் இருந்தார்கள். இது பார்னெட்டின் குற்றமன்று. ஆய்வுப் பட்டத்தின் பாதை அப்படி. கேள்வி இராயபுரத்தில் கேட்கப்படும், பதில் வேறு ஊரில் சொல்லப்படும்.

ஏறத்தாழ அதே நேரத்தில் எதிர்த்திசையில் பயணம் செய்தவர் மைதிலி சிவராமன். 1939இல் பிறந்தவர். சென்னையில் அரசியல் அறிவியல் படித்தார், அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தார், நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கான இந்தியத் தூதுக்குழுவில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை பார்த்தார். அரசியல் முதுகலை முடித்த ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு இதைவிடப் பெரிய வேலை கிடைத்திருக்காது. 1968இல் அதை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மைதிலி அங்கே போனார், பார்த்தார், எழுதினார். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, நிலமும் காரும் வைத்திருக்கும் மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்ற தீர்ப்பின் தர்க்கத்தைப் பிரித்துப் போட்டு அவர் எழுதிய கட்டுரை ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்தது. கனவான் கொலையாளிகள் என்று அவர்களைத் தலைப்பிலேயே அழைத்தார்.

ஆங்கில இதழில் எழுதியது அவர் வேலையில் ஒரு பாதி. மறுபாதி சென்னைத் தொழிற்சாலை வாயில்களில் நடந்தது. வி.பி. சிந்தனோடு சேர்ந்து தொழிற்சங்க வேலைக்குப் போனார். 1970களில் கே.பி. ஜானகி அம்மாள், பாப்பா உமாநாத் ஆகியோருடன் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டினார். சிரக்யூஸில் நிர்வாகவியல் படித்தவர் ஷிப்டு முடியும் நேரத்தில் வாயிலில் நின்று பேசும்போது என்ன மொழி தேவைப்பட்டிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. லாபக் கணக்கைப் போனஸ் கணக்காக மாற்றிச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், ஏனென்றால் பேருந்து வந்துவிடும். கேட்பவர்களுக்குத் தங்கள் தொழிற்சாலையைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். எந்த ஆய்வுக் குழுவும் இவ்வளவு கடுமையான தேர்வை வைப்பதில்லை.

மைதிலி 2006இல் வெளியிட்ட நூல் தொழிற்சாலையைப் பற்றியதன்று, அவருடைய பாட்டி சுப்புலட்சுமியைப் பற்றியது. உப்பு இலாகா அதிகாரி ஒருவரின் மனைவி. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர், பதினான்கு வயதில் தாயானவர். அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகள், கடிதங்கள், படித்த புத்தகங்களிலிருந்து எடுத்துவைத்த குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு பேத்தி அந்த வாழ்க்கையைக் கட்டி எழுப்பினார். என் கணக்கில் சுப்புலட்சுமியும் ஓர் ஆய்வாளரே. படித்தார், குறிப்பெடுத்தார், தேதியிட்டார். சொல்ல ஆளில்லாததால் பெட்டியில் வைத்தார். மைதிலியின் மகள் கல்பனா கருணாகரன் இப்போது தம் பாட்டி, அதாவது சுப்புலட்சுமியின் மகள் பங்கஜத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைப் பெண்களின் எழுத்து இப்படிச் சங்கிலியாக நமக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். பெட்டி வைக்க வீடும் பெட்டிக்குள் வைக்க எழுத்தும் ஒரு பிராமணக் குடும்பத்தில் பெண்ணுக்கு அரிதாகவேனும் கிடைத்தன. கடல் அரிப்பிலும் தீ விபத்திலும் மறுகுடியமர்த்தலிலும் திரும்பத் திரும்ப வீடு இழந்த காசிமேட்டு மீனவப் பெண்ணிடம் அப்படிப்பட்ட பெட்டி எங்கே இருக்கும்? அவள் சொன்னது இருக்கிறது என்றால் யாரோ ஒரு மாணவியின் ஆய்வேட்டில், பின்னிணைப்பில், ‘தகவலாளர் 14’ என்ற பெயரில் இருக்கும்.

அந்த ஆய்வேடு எங்கே போகிறது? சில சமயம் ஆசிரியரின் ஆயுளைவிட அதற்குக் காத்திருப்பு அதிகம். திலீப் வீரராகவன் 1980களில் சென்னை ஐ.ஐ.டி.யில் சென்னைத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கத்தைப் பற்றி ஆராய்ந்து முனைவரானார். பார்வை இழந்தவர். பிறகு அங்கேயே ஆசிரியராகி மாணவர்களின் அன்பைப் பெற்றவர். 2009இல் இறந்தார். 1918 முதல் இரண்டாம் உலகப் போர் வரையிலான ஆலைப் போராட்டங்களை இவ்வளவு விரிவாகச் சொல்லும் அந்த ஆய்வு லெப்ட்வேர்ட் வெளியீடாக நூல் வடிவம் பெற்றது 2013இல். ஐ.ஐ.டி. ஆசிரியருக்கே இந்தக் கதி என்றால் வண்ணாரப்பேட்டைக் கல்லூரி மாணவிக்கு என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். விதிகளைப் படிப்பது அலுப்பான வேலை, ஆனால் நம்மைப் போன்றவர்கள் படிக்காததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டின் மின்பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லின. சோத்கங்கா அப்படித்தான் வளர்ந்தது. இன்று எண்ணூரிலிருந்து கைப்பேசியிலேயே ஒரு முனைவர் ஆய்வேட்டைப் படிக்கலாம். பெரிய காரியம் அது. ஆனால் எம்.ஏ. இறுதிப் பருவத்தில் எழுதும் ஏட்டுக்கு அங்கே இடமில்லை. அது நான்கு பிரதி, கறுப்பு அட்டை, தங்க எழுத்து என்று கட்டப்பட்டு, மதிப்பெண் போட்ட பிறகு துறை அலமாரிக்குப் போகிறது. அலமாரி நிறைந்ததும் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

2016 விதிகள் முனைவர் ஆய்வாளர் ஏட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது மதிப்பீட்டு இதழில் வந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றன. நல்லெண்ணத்தில் வந்த விதிதான். விளைவு வேறாக இருந்தது. ஆய்வுக்கோவை என்பது தமிழுக்குப் புதிதன்று. பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றம் ஆண்டுதோறும் போட்ட தடித்த கோவைகளில் நல்ல கட்டுரைகள் பல உண்டு. ஆனால் கட்டாயம் வந்ததும் அதைச் சுற்றி ஒரு சந்தை உருவானது. பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், கூடுதலாகக் கட்டினால் வரிசை எண்ணோடு கூடிய தொகுப்பில் கட்டுரை. இணை அமர்வில் எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், கேட்பவர்கள் மற்ற ஏழு பேர். அவர்களும் தங்கள் முறைக்காகத் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இதழ்களைச் சலிக்க 2019இல் யு.ஜி.சி. கேர் பட்டியல் வந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. 2022 விதிகள் கட்டாயக் கட்டுரையையே நீக்கிவிட்டன. ஆனால் நேர்காணலில் எத்தனை கட்டுரை என்று கேட்பதை யாரும் நீக்கவில்லை.

அதே 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தின. இதற்காக அழுதவர்கள் கல்வியாளர்களில் குறைவு. தரம் போதாது, வீண் பட்டம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் எம்.ஃபில். சேர்ந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்பதை 2010களின் பிற்பகுதியில் வந்த அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டின. அது ஓராண்டுப் படிப்பாக இருந்தது. ‘இன்னும் ஒரு வருஷம்தான்பா’ என்று வீட்டில் கேட்டு வாங்கக்கூடிய அளவு. எம்.ஏ.வுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு பெண் சொந்தமாக ஒரு கேள்வியைக் கேட்டு, சொந்தமாகப் பதில் எழுதிப் பார்க்கக் கிடைத்த ஒரே சந்து அது. ஐந்தாறு ஆண்டு பிஎச்.டி.க்கு அந்த மொழியில் அனுமதி கேட்க முடியாது.

யாரோ நம்மை யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லத்தக்க விதிகளும் உண்டு. ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண், தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். கல்யாணம் ஆனால் பெண்ணின் தரவு இடம் மாறும் என்று அரசிதழே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் விதி விதிதான். நெறியாளர் தெரியாது என்றால் விதியைக் காட்டுங்கள்.

பட்டம் வழங்கும் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்க வேண்டும். யார் வரலாம் என்று 2016 விதிகள் சொல்லின: ஆலோசனைக் குழுவினர், துறை ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ள பிற வல்லுநர்கள், ஆய்வாளர்கள். நம் ஊர் வழக்கத்தில் இதோடு பொன்னாடை, பழக்கூடை, ஆய்வாளர் செலவில் சாப்பாடு, முன்வரிசையில் பட்டுப்புடவையில் அம்மாவும் சேரும். அம்மா வருவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஆய்வில் பேசியவர்கள்? மூன்று ஆண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பேட்டி எடுத்த மீன் விற்கும் அம்மாக்களில் ஒருவரைக்கூட நான் போன வாய்மொழித் தேர்வு எதிலும் பார்த்ததில்லை. விதியின் பட்டியலிலும் அவர் இல்லை, சாப்பாட்டுக் கணக்கிலும் இல்லை.

வந்துவிட முடியும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆய்வு பேசப்படும் இடங்கள் சென்னையில் எங்கே இருக்கின்றன? பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில். 1971இல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில். ரோஜா முத்தையா நூலகம் தரமணியில். அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில். எல்லாம் கூவத்துக்குத் தெற்கே. ஆவணக் காப்பகமும் கன்னிமாராவும் எழும்பூரில், அவ்வளவுதான் வடக்கே வரும். பிராட்வேயில் 1964 முதல் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. வட சென்னைப் பெண்களின் எத்தனையோ தலைமுறை அங்கே படித்து வெளியேறியிருக்கிறது. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு போக்குவரத்து கொஞ்சம் எளிதாகியிருக்கிறது என்றாலும், எர்ணாவூரிலிருந்து கிளம்பும் ஒரு மாணவிக்கு மாலை ஐந்து மணிக் கருத்தரங்கு என்பது இரவு ஒன்பது மணி வீடு. 2024இல் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். படிக்கவும் போட்டித் தேர்வுக்குத் தயாராகவும் நல்ல இடம். படித்ததைச் சொல்லவும் அப்படி ஓர் இடம் கேட்கலாம்.

2017 ஜனவரி 22 முதல் 25 வரை இந்தியப் பெண்ணியல் ஆய்வுகள் சங்கத்தின் பதினைந்தாவது தேசிய மாநாடு சென்னையில் நடந்தது. 1981இல் பம்பாயில் நடந்த முதல் மாநாட்டைத் தொடர்ந்து 1982இல் உருவான சங்கம் அது. இந்த நாட்டில் ஒரு முதுகலை மாணவி தன் முதல் கட்டுரையைக் கூச்சமில்லாமல் வாசிக்கக்கூடிய இடங்களில் முதன்மையானது என்று சொல்வேன். மாறும் உலகில் பெண்கள், புதிய வடிவெடுத்த ஏற்றத்தாழ்வுகள், எதிர்ப்பின் களங்கள் என்பவை அந்த ஆண்டின் பொருள். அதே நாட்களில் மெரினாவில் சல்லிக்கட்டுப் போராட்டம். 23ஆம் தேதி காவல்துறை கடற்கரையைக் காலி செய்தது, நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. மீன் விற்கும் பெண்களின் சந்தை அது. ‘எதிர்ப்பின் களங்கள்’ என்று தலைப்பு வைத்தவர்கள் அது இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

மாநாடு முடிந்த மூன்றாம் நாள், ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் கசிவே பெரிதாக இல்லை என்றார்கள். பிறகு எர்ணாவூர்க் கரையில் தார் போல எண்ணெய் ஒதுங்கியது. வாளிகளில் அள்ளினார்கள். மீன் வாங்க ஆள் வரவில்லை. அந்த வாரங்களில் விற்பனைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்களின் நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது? இழப்பீட்டுப் பட்டியலில் படகு இருக்கும், வலை இருக்கும், கூடை இருக்குமா? அரசியல் மாணவிக்கு இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்தபோது அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பட்டையில் ஆய்வைச் சொல்லச் சட்டமே அமைத்துக் கொடுத்த ஒரு மேடை இருக்கிறது. நாம் அதை ஆய்வு மேடையாக நினைப்பதில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைச் சொல்கிறேன். 1997 முதல் கட்டாயமானது, 2006 அறிவிக்கை அதன் நடைமுறையை விரிவாக வகுத்தது. குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை. வந்தவர் யாரும் விளக்கம் கேட்கலாம், நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், நடப்பது முழுவதும் ஒளிப்பதிவாக வேண்டும், குறிப்பு உள்ளூர் மொழியில் எல்லாருக்கும் படித்துக் காட்டப்பட வேண்டும். கேட்பவரும் சொல்பவரும் ஒரே பந்தலில் உட்காரும் அமைப்பு வேறெந்தக் கருத்தரங்கிலும் இல்லை.

அங்கே ஆய்வறிக்கை ஒன்றும் இருக்கிறது, நிறுவனம் காசு கொடுத்து எழுதவைத்தது. நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். சட்டப்படி சுருக்கம் மட்டும் தமிழில் வந்தால் போதும். அந்தச் சுருக்கத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது எந்த மொழி என்று கண்டுபிடிப்பதே பாடு. முழு அறிக்கையின் சமூகப் பொருளாதார அத்தியாயத்தைப் படித்து, ‘பாதிக்கப்படும் தொழில்கள்’ என்ற அட்டவணையில் கருவாடு காயவைக்கும் பெண்களும் ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்களா என்று பார்த்து, தமிழில் இரண்டு பக்கம் எழுதி வாசிப்பதற்கு எம்.ஏ. அரசியல் அறிவியல் நல்ல பயிற்சி. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அந்த அறிக்கையை உட்கார்ந்து படித்து மக்கள் மொழியில் பிரித்துச் சொன்னவர்கள் மீனவர் அமைப்புகளும் சில சுற்றுச்சூழல் குழுக்களும். கல்லூரித் துறைகள் வரவில்லை.

வர முடியாததற்குக் காரணங்கள் உண்டு. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவர் மாணவிகளை அந்தப் பந்தலுக்கு அழைத்துப்போனால் மறு ஆண்டு வேலை இருக்குமா என்று யோசிப்பார். மாணவியின் அப்பாவோ அண்ணனோ அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கக்கூடும். அவள் மைக்கைப் பிடித்தால் அன்று இரவே வீட்டுக்குச் செய்தி போகும். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் பேசும் வழக்கமில்லாத குப்பங்களும் இருக்கின்றன. ‘போய்ப் பேசு’ என்று நகரத்தின் தெற்கிலிருந்து நாம் சொல்வது சுலபம்.

அதற்கும் அறிவிக்கையில் ஒரு வழி இருக்கிறது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், வர விரும்பாதவர்கள், எழுத்தில் கருத்தைத் தரலாம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைப் பெற்றுக் கூட்டக் குறிப்போடு சேர்த்து அனுப்பியாக வேண்டும். நிறுவனம் தன் இறுதி அறிக்கையில் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். தமிழில் எழுதலாம். பக்க அளவு இல்லை, பதிவுக் கட்டணம் இல்லை. கறுப்பு அட்டையும் தங்க எழுத்தும் தேவையில்லை. அலமாரியில் கிடக்கும் எம்.ஏ. ஏட்டின் நான்காம் அத்தியாயம், அதாவது தகவலாளர் 14 பேசும் அத்தியாயம், அப்படியே தபாலில் போகலாம்.